டிரான்ஸ்பார்மர் முக்கில் பதில் ஹாரன்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி பெட்டிக்கடை மருதாம்பாள் சொன்னது, மீதி பால் வண்டி வரதராசு ஐயா சொன்னது. பார்த்ததையும் கேட்டதையும் கலக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம். காலேஜில் நிலம் அளக்கப் போனபோது வந்த பழக்கம். அளந்ததைப் பேனாவில் எழுத வேண்டும், ஊகித்ததைப் பென்சிலில் எழுத வேண்டும். இன்றைக்கு நான் சொல்லப் போவதெல்லாம் பென்சில்.

நீங்கள் இயர்போனை எடுக்க வேண்டாம். ஒரு காதில் இருக்கட்டும். எனக்கு ஒரு காது போதும்.

முப்பத்திரண்டு நாளாக நீங்கள் எனக்கு இடம் போட்டு வைக்கிறீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். ஐந்து ஐம்பது பஸ், நாலாவது வரிசை, நீங்கள் ஜன்னலோரம், பக்கத்தில் உங்கள் சாப்பாட்டுப் பை. எந்த ஆம்பளை வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்கிறீர்கள். நான் ஏறி வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கென்று யாராவது ஒரு இடம் வைத்திருக்கிறார்கள் என்றால் அது இந்த சீட்தான். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். இன்றைக்கு நான் ஒருவரைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்து வண்டி எண்ணுகிறேன். சிரிக்காதீர்கள். பி.இ. சிவில் படித்தவள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் அம்மா நூறு நாள் வேலையில் மண் சுமக்கிறாள். அவளிடம் வேலையைப் பற்றிச் சொன்னபோது, "ரோட்ல உக்காந்து வண்டி எண்ணுறதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்றாள். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஒப்பந்த வேலை அக்கா. கிராமத்து ரோடுகளில் எந்தெந்த முக்கில் விபத்து நடக்கிறது என்று கணக்கெடுக்கும் கம்பெனி. ஒவ்வொரு முக்குக்கும் ஒரு படிவம். எத்தனை வண்டி போகிறது, மூன்று வருஷத்தில் எத்தனை விபத்து, காரணம் என்ன. காரணத்துக்கு நாலு கட்டம் இருக்கும். வேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு, பார்வை மறைப்பு, இதர. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நான் ஒவ்வொரு டிக்கையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். தப்பாக அடித்துவிட்டால் யாராவது செத்துப்போவார்கள் என்று எனக்கு ஒரு பயம்.

போன மாதம் டிரான்ஸ்பார்மர் முக்கில் உட்கார்ந்தேன். இந்த பஸ் தினமும் தாண்டிப் போகுமே, அதுதான். தெற்கே மேலக்கருவேலியிலிருந்து ஒரு ரோடு வருகிறது, மேற்கே பூலாமேட்டிலிருந்து ஒரு ரோடு. இரண்டும் அந்த இடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. நான் போனது ஆனி மாதம். நாலு பக்கமும் உழுது போட்ட வெறும் நிலம். அரை கிலோமீட்டர் தூரத்தில் ஆடு வந்தால்கூடத் தெரிகிறது. அந்த இடத்தில் எப்படி இரண்டு வண்டி மோதும்? ஆனால் கையில் இருந்த பட்டியலில் இருக்கிறது. ஜனவரி ஒன்பது, காலை ஆறு ஐம்பது, பால் வண்டியும் கம்பெனி வேனும். பால் வண்டி ஓட்டுநரின் கவனக்குறைவு.

முக்கைத் தாண்டி வடக்கே கூப்பிடு தூரத்தில் மருதாம்பாள் கடை. டீ குடிக்கப் போன இடத்தில் சும்மா கேட்டேன். அந்தம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கவனக்குறைவா? எழுதினவன் எவன்? அந்த ஆளு நடுரோட்ல எருமை நின்னாலே வண்டிய நிறுத்திட்டு, நீ போறியா நான் போகட்டுமான்னு கேக்குற ஆளு. கோழிக்கழுத்து வரதராசுன்னா எட்டு ஊருக்கும் தெரியும்."

"கோழிக்கழுத்தா?"

"கோழி நடக்கையில கழுத்த முன்னும் பின்னும் ஆட்டுமில்ல? அந்த மாதிரி ஒவ்வொரு முக்குலயும் ஆட்டுவாரு."

பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். வரதராசு ஐயாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருஷமாகப் பால் சொசைட்டி வண்டி. ஊர் ஊராகப் போய் கேன் எடுத்துக் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். நேரம் தப்பினால் பால் திரிந்துவிடும். அந்த அவசரத்திலும் இருபத்தேழு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. முக்கு வந்தால் அவர் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பாட்டை அணைப்பார். கண்ணாடியை இறக்குவார். கோடு இருக்கிறதோ இல்லையோ, முக்குக்குப் பதினைந்து அடி முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவார். ஒரு ஹாரன். பிறகு மனசுக்குள் மூன்று எண்ணுவார்.

"ஏன் ஐயா மூணு?" என்று கேட்டேன்.

"பாப்பா, எல்லாப் பயலும் முக்குல ஹாரன் அடிக்கிறான். அடிச்சிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறான். ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு ஒரே நேரம் அடிச்சா ரெண்டு பேருக்குமே கேக்காது. அவனவன் சத்தந்தான் அவனவன் காதுல விழும். அதனால, அடிச்சியா, வாய மூடிட்டு மூணு எண்ணு. எதிர்ல இருக்குறவன் சொல்லட்டும்."

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது அக்கா. எத்தனை பேருக்கு இது தெரியும்? பேசிக்கொண்டே இருப்பார்கள், எதிரில் இருப்பவர் வாய் திறந்தாரா என்று பார்க்கவே மாட்டார்கள். நீங்கள் என்னமோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இதை முடித்துவிடுகிறேன்.

மூன்று எண்ணிய பிறகுதான் கழுத்து. வண்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கம்பம் இருக்கிறதல்லவா, கூரையைத் தாங்கிக்கொண்டு? கை அகலம்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் தூரத்தில் ஒரு ஆளையே மறைத்துவிடும், சில சமயம் பைக்கையே மறைத்துவிடும். அதனால் தலையை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை ஆட்டி, கம்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விடுவார். சொசைட்டியில் கேலி செய்வார்களாம். "யோவ், உம்ம வண்டிக்கு ஸ்டீயரிங் கையிலயா கழுத்துலயா?" இவர் சொல்வாராம், "கழுத்து வலிச்சா தைலம் தேச்சுக்கலாம். கழுத்தே போயிட்டா எங்க தேய்ப்ப?"

அப்படிப்பட்ட மனுஷன்.

மனைவி இறந்து ஆறு வருஷம். ஒரே மகள், ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும். வீட்டில் டிவி ஓடும், இவர் பார்க்க மாட்டார். காலையில் நாலு மணிக்கு எழுந்து, எழுப்புவதற்கு யாருமில்லை என்றாலும் மெதுவாகப் பாத்திரம் உருட்டாமல் டீ போட்டுக் குடிப்பாராம். யாரும் இல்லாத வீட்டில் எதற்கு மெதுவாக என்று நான் கேட்கவில்லை. நானும் என் அறையில் அப்படித்தான் செய்கிறேன்.

போன வருஷம் புரட்டாசியில் முக்கின் தென்மேற்கு மூலை நிலத்துக்காரர் மக்காச்சோளம் போட்டார். ஐப்பசி மழை நல்ல மழை. தீபாவளி வருவதற்குள் ஆள் உயரம் தாண்டிவிட்டது. தெற்கிலிருந்து வருபவனுக்கு மேற்கு ரோடே தெரியாது, பச்சைச் சுவர் மாதிரி. தீபாவளி முடிந்து ஒரு துணி தைக்கும் கம்பெனி, மேற்கே இருக்கிற ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிப் போக ஒரு வேன் விட்டது. புது வேன், புது டிரைவர்.

ஒரு நாள் காலை வரதராசு ஐயா வழக்கம்போல நிறுத்தி ஹாரன் அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. இடது பக்கம் சோளத்துக்குப் பின்னாலிருந்து பாம் பாம் என்று இரண்டு சின்ன ஹாரன். இவர் காத்திருந்தார். அந்த வண்டி வரவில்லை. எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் அங்கேயே நின்றது. யாரோ வழி விடுகிறார்கள் என்று தெரிந்தது. கழுத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு மெல்லத் தாண்டினார். தாண்டும்போது சோளத் தட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கூரை தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

இருபத்தேழு வருஷத்தில் அந்த ரோட்டில் அவருக்காக யாரும் நின்றதில்லை அக்கா. எல்லோருக்காகவும் நிற்கிறவர் அவர்தான். பஸ்காரன் நிற்க மாட்டான், மணல் லாரிக்காரன் நிற்க மாட்டான், பைக் பையன்கள் நிற்கவே மாட்டார்கள். முதல் தடவையாக ஒருத்தன், பேர் தெரியாதவன், முகம் தெரியாதவன், தினமும் "நீ போ" என்று நிற்கிறான். இவர் தாண்டியதும் ஒரு சின்ன ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். நன்றி ஹாரன்.

மருதாம்பாள் கடையில் டீ குடிக்கும்போது சொல்வாராம், "நம்ம ஆளு இன்னைக்கும் நின்னான்."

"யாரு உங்க ஆளு? பேரென்ன?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"தெரியாது."

"அப்புறம் என்ன உங்க ஆளு?"

"நிக்கிறான்ல?"

சில நாள் வேன் முன்னாலேயே போய்விடும், பதில் வராது. அன்றைக்கு டீ பாதி குடித்ததோடு வைத்துவிடுவார். பிறகு அவரே நேரத்தைச் சரிசெய்துகொண்டார். மேலக்கருவேலியில் கடைசி கேனை நாலு நிமிஷம் முன்னால் ஏற்றினால் சரியாக ஆறு ஐம்பதுக்கு முக்கு. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, வேன் வராது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் போய்விட்டது. மகள் போன் செய்கிற நாள்தான், ஆனாலும் பிடிக்காமல் போய்விட்டது. இதை அவர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

புது வருஷத்துக்கு சொசைட்டியில் காலண்டர் கொடுத்தார்கள். இவர் ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கி, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மருதாம்பாளிடம் கொடுத்தார். "கம்பெனி வேன்காரன் டீ குடிக்க நின்னா குடு." அந்தம்மா, "அவன் குறுக்கால போறவன், இந்த ரோட்டுக்கே வர மாட்டானே" என்றார். "என்னைக்காச்சும் வருவான்." அந்தக் காலண்டர் இன்னும் அந்தக் கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் பார்த்தேன். இது பேனாவில் எழுதலாம்.

இன்னொன்றும் நடந்தது. அதுதான் முக்கியம். அவர் கழுத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஹாரன் அடிப்பது, மூன்று எண்ணுவது, இடது பக்கம் காதைக் கொடுப்பது. பாம் பாம் வந்துவிட்டால் போதும், கிளட்சை விட்டுவிடுவார். அவன்தான் நிற்கிறானே.

ஜனவரி எட்டு, மகள் வழக்கமில்லாமல் காலையிலேயே போன் செய்தது. பொங்கலுக்கு வர முடியாது, வீட்டுக்காரருக்கு லீவு இல்லை என்று சொன்னது. அன்றைக்கு அவர் பாம் பாம் கேட்டு முக்கைத் தாண்டினார், ஆனால் நன்றி ஹாரன் அடிக்க மறந்துவிட்டார். மருதாம்பாள் கடைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். "நாளைக்கு ரெண்டா அடிச்சிருவோம்" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஒன்பதாம் தேதி. பனி கொஞ்சம் இருந்தது. நிறுத்தினார், ஹாரன் அடித்தார், எண்ணினார். பாம் பாம். கிளட்சை விட்டார். வண்டி நடு முக்குக்கு வந்தபோது சோளத்துக்குள்ளிருந்து வெள்ளை வேன் நேராக வந்தது. பால் வண்டியின் இடது பக்கம் அடி. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. வலது கால் கதவுக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கேன் மூடிகள் தெறித்து, ரோடெல்லாம் பால் ஓடி, சோளக்காட்டுக்குள் போனதாம். மருதாம்பாள் ஓடி வந்தபோது அவர் வலியில் கத்தவில்லை. "வேன்ல புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே? அந்த டிரைவருக்கு?" என்றுதான் கேட்டாராம். வேனில் யாருக்கும் பெரிய காயமில்லை. டிரைவருக்குத் தோளில் அடி. ஆனால் அவன் இறங்கி இவரிடம் வரவில்லை.

இப்போது அவர் மேலக்கருவேலியில் சொசைட்டிக்குப் பின்னால் வீட்டிலேயே இருக்கிறார். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனிமேல் பிரேக் மிதிக்க ஆகாது. வண்டியைப் பழுது பார்த்து அவருடைய அக்கா மகன் ஓட்டுகிறான். நான் படிவத்தோடு போனபோது, கவனக்குறைவு என்று எழுதியது அநியாயம், மாற்றி எழுது என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் சோளத்தைப் பற்றிக் கேட்டு, பார்வை மறைப்பு என்று டிக் அடித்தேன். அதற்கு எங்கள் சூப்பர்வைசர் திருச்சியிலிருந்து போன் போட்டு, "இப்ப அங்க சோளம் இருக்காம்மா? இல்லாததை எல்லாம் எழுதாத" என்றார். அது வேறு கதை. வரதராசு ஐயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, படிச்ச பிள்ளை, நீ போய்க் கேட்டா சொல்லுவான். அம்பது நாளைக்கு மேல நின்னவன் அன்னைக்கு மட்டும் ஏன் நிக்கல? முந்தின நாள் நான் நன்றி ஹாரன் அடிக்கல. அதுல கோவமா? நான் வேணும்னு விடல, மக போன் பண்ணுச்சு, அதான் மறந்துட்டேன்னு சொல்லிரு. அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன்னு மட்டும் கேட்டுட்டு வா."

ஆறு மாதமாக அந்த மனுஷன் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் அக்கா. ஒரு ஹாரன் அடிக்காததால் ஒரு சிநேகம் கெட்டுப்போய்விட்டது என்று.

நான் கம்பெனி வாசலில் போய் நின்றேன். அந்நிய ஆளிடம் பேச வேண்டும் என்றாலே எனக்குப் பயம். இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன், மூன்றாம் தடவை பார்த்தேன். டிரைவர் பெயர் ஜெயசீலன். முப்பது வயதிருக்கும். கெட்டவனில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முழித்தான்.

"அந்தப் பால் வண்டிக்கா? அவருக்கு நான் ஏன் நிக்கப் போறேன்? அங்க ஒரு பொண்ணு ஏறும், இலக்கியான்னு. முக்குக்கு அந்தப் பக்கம் பாலம் குறுகல், நிறுத்த முடியாது. அதனால முக்குக்கு முன்னாடியே நிறுத்தி ரெண்டு ஹாரன் அடிப்பேன், வீட்ல இருந்து ஓடி வரும்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு அது லீவு. பழக்கத்துல ஹாரன் அடிச்சிட்டேன், அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, எடுத்துட்டேன்."

"அவர் தினம் அடிச்ச ஹாரன் உங்களுக்குக் கேட்கலையா?"

"மேடம், வேன்ல இருபத்தெட்டு பொண்ணுங்க. பாட்டு சத்தத்தக் கொறைச்சா என்னைக் கொன்னுருவாங்க. வெளிய இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

ஒரு நாள்கூடக் கேட்கவில்லை அக்கா. இவர் அடித்த ஒரு ஹாரனும் கேட்கவில்லை. நன்றி ஹாரனும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். இதைப் போய் அவரிடம் சொன்னால், நம்மால் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதி வரும். ஆனால் அவருடைய ஆளே இல்லாமல் போய்விடுவான். சொல்லாவிட்டால் ஆள் இருப்பான், கோபத்தோடு இருப்பான். எது நல்லது? எதற்காகவோ நிற்கிற வண்டியைத் தனக்காக நிற்கிறது என்று ஒரு மனுஷன் நம்புவதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

இருங்கள், டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. நான் இறங்கி மேலக்கருவேலிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். நாளைக்கு எனக்கு வேறு முக்கு, நாளை மறுநாள்தான் இந்த பஸ். இடம் போட்டு வையுங்கள்.

•

அக்கா, இங்கேயா இருக்கிறீர்கள்? நாலாவது வரிசையில் பார்த்தேன், காணோம் என்றதும் பயந்துவிட்டேன், உடம்பு சரியில்லையோ என்று. படிக்கட்டுப் பக்கம் ஒற்றை சீட்டுக்கு மாறிவிட்டீர்களா? காற்று நன்றாக வரும். பரவாயில்லை, நான் இந்தக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறேன். இரண்டு காதிலும் மாட்டியிருக்கிறீர்கள். நான் குனிந்து சொன்னால் கேட்கும்.

சொல்லிவிட்டேன் அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வேன் நின்றது ஒரு பெண்ணை ஏற்ற, ஹாரன் அடித்தது அவளைக் கூப்பிட, உங்கள் ஹாரன் அவருக்குக் கேட்டதே இல்லை. இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவர் உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

பிறகு டிரைவரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு வீடு எந்தப் பக்கம்?" என்றார்.

"கிழக்கே, பாலத்துக்கு முன்னாலேயாம்."

"அப்ப முக்குல எங்க நின்னுச்சு?"

"தெரியலை ஐயா."

"கிழக்கே வீடுன்னா, எனக்குக் குறுக்கால ரோட்டைத் தாண்டித்தானே வேனுக்குப் போயிருக்கணும்?" அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. விபத்தைச் சொன்னபோதுகூட அப்படி ஆகவில்லை. "தினமும் ஒரு பொண்ணு எம்மின்னாடி நின்னிருக்கு. நான் ஒரு நாளும் பாக்கல. காதை அந்தப் பக்கம் வச்சிட்டு இந்தப் பக்கம் கண்ணை வைக்கல. அடிச்சிருந்தா? பாப்பா, அது எங்க நின்னுச்சுன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

நேற்று வேலை முடிந்ததும் அதற்குத்தான் போனேன். இலக்கியாவுக்குப் பத்தொன்பது வயது. பொங்கலோடு கம்பெனியை விட்டுவிட்டு நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் மேலே படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். நான் பால் வண்டி என்றதும், "தாத்தாவுக்குக் கால் எப்படி இருக்குக்கா?" என்றாள்.

"உனக்கு அவரைத் தெரியுமா?"

"தினம் பாப்பேனே. அவர் ஹாரன் கேட்டா நான் புளியமரத்தடியிலேயே நின்னுருவேன். ஜெயசீலண்ணன் வா வான்னு கத்தும். தாத்தா போகட்டும்ணேன்னு நானும் கத்துவேன். அவர் போனப்புறந்தான் தாண்டுவேன். கைகூடக் காட்டுவேன், அவர் அந்தப் பக்கமே பாத்துட்டுப் போவாரு."

அவள் சொன்னால் போதுமா? இதுவும் கேட்டதுதானே, பென்சில்தானே. அதனால் ஐயாவின் அக்கா மகனைக் கெஞ்சி, அதே பால் வண்டியை அதே இடத்தில், முக்குக்குப் பதினைந்து அடி முன்னால் நிறுத்தச் சொன்னேன். "இதுக்கெல்லாமா காலேஜ்ல படிப்பு இருக்கு?" என்று சிரித்தான். இலக்கியாவை அவள் தினமும் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னேன். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

இதோ என் முக்கு. அவரிடம் சொல்லத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நீங்கள் பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் படியில் இறங்கிக்கொள்கிறேன். நாளைக்குப் பேசலாம்.

ஒரு நிமிஷம் அக்கா, இதை மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறேன். டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன். சீட்டிலிருந்து புளியமரத்தடி பதினாலு மீட்டர் அறுபது சென்டிமீட்டர். நேராக உட்கார்ந்தால் அங்கே யாரும் இல்லை, வலது பக்கக் கம்பம் அவளை முழுதாக மறைக்கிறது. தலையை ஒரு சாண் முன்னால் நீட்டினால், கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள்.